அமைச்சரவையா, சட்டமன்றமா: யாருக்கு எந்த அதிகாரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரசமைப்புச் சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். "சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் அதை நிறைவேற்றும்" என்று பாடத்தில் ஒரு வரி உண்டு. அதை மனப்பாடம் செய்துவிட்டு நாளிதழைப் பிரித்தால் எதுவும் பொருந்துவதில்லை. ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றன. இந்தச் சிக்கல்களில் பல நம் மாநிலத்தில்தான் முற்றின.

அமைச்சர்கள் எல்லாருமே எம்.எல்.ஏ.க்கள்தானே? ஒரே ஆட்கள் இரண்டு இடத்திலும் இருந்தால் அதிகாரம் எங்கே பிரிந்திருக்கிறது?

அமெரிக்காவில் அமைச்சர் பொறுப்புக்குப் போகிறவர் காங்கிரஸ் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். நாம் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் முறை. இங்கே அமைச்சரவை அவையிலிருந்தே உருவாகிறது. அந்த அவைக்கே கூட்டாகப் பதில் சொல்லவும் வேண்டும். அரசமைப்பின் பிரிவு 164 சொல்வது இதைத்தான். ஆகவே ஆட்களை வைத்து எல்லை தேடினால் கிடைக்காது. எந்த வேலையை உத்தரவால் முடிக்கலாம், எதற்கு அவையின் வாக்கு வேண்டும் என்று பாருங்கள். புதிய சட்டம், வரி, கருவூலத்திலிருந்து செலவு, ஆட்சியில் நீடிப்பது ஆகிய நான்குக்கும் வாக்கு வேண்டும். மற்றதில் பெரும்பகுதி உத்தரவால் நடக்கிறது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பேரவையில் 234 உறுப்பினர்கள். 2003-இல் வந்த 91-ஆவது திருத்தப்படி முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சர்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அதாவது 35 பேர். மீதி ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அரசாங்கத்தில் இல்லை. எதிர்க்கட்சியினரைப் போலவே அமைச்சரவையைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் அவர்கள். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. தாசில்தாருக்கு உத்தரவு போட முடியுமா?

முடியாது. பரிந்துரைக்கலாம், கடிதம் எழுதலாம், அவையில் கேள்வி எழுப்பலாம். தாசில்தார் கோட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கட்டுப்பட்டவர். அந்தச் சங்கிலி துறைச் செயலாளர் வழியாக அமைச்சரிடம் போய் முடிகிறது. எம்.எல்.ஏ. அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை.

தொகுதி மேம்பாட்டு நிதியிலும் இதே கதைதான். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று ஒதுக்குகிறார்கள். எந்த வேலை வேண்டும் என்று உறுப்பினர் சொல்வார்; நிர்வாக அனுமதி தருவதும் பணத்தை விடுவிப்பதும் மாவட்ட நிர்வாகம். பஸ் நிழற்குடையில் பெரிய எழுத்தில் யார் பெயர் இருந்தாலும் கோப்பில் கையெழுத்து அதிகாரியுடையது.

அரசாணைக்கும் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? அரசாணையே போதும் என்றால் சட்டமன்றம் எதற்கு?

பிரிவு 162-இன்படி, சட்டமன்றம் எந்தப் பொருளில் சட்டம் இயற்றலாமோ அந்தப் பொருளில் மாநில அரசு நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே ஒரு சட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பஞ்சாப் அரசு பாடநூல் அச்சிடும் தொழிலில் இறங்கியபோது தொடரப்பட்ட ராம் ஜவாயா கபூர் வழக்கில் 1955-இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி விரிவாக்கிய சத்துணவுத் திட்டமும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் நிர்வாக உத்தரவில் பிறந்தவை.

ஆனால் அரசாணைக்குச் சில வாசல்கள் மூடியிருக்கின்றன. சட்டமின்றி வரி போட முடியாது (பிரிவு 265). சொத்தைப் பறிக்க முடியாது (பிரிவு 300-அ). ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் புதிய குற்றத்தை உருவாக்க முடியாது. இருக்கிற சட்டத்துக்கு மாறாகவும் அரசாணை போக முடியாது. போனால் நீதிமன்றத்தில் முதல் நாளே விழும். இன்று ஓர் அரசு போடும் ஆணையை நாளை வரும் அரசு ஒரு தாளில் ரத்து செய்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இட ஒதுக்கீட்டின் வரலாறு இதற்கு நல்ல பாடம். நீதிக்கட்சிக் காலத்தில் 1921-இல் தொடங்கியது, சமூகப் பிரிவுவாரியாக இடங்களைப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவிடும் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பின்னர் அரசாணைகள் வழியாகவே ஒதுக்கீடு வளர்ந்து 69 விழுக்காட்டை எட்டியது. 1992-இல் மண்டல் வழக்கில் 50 விழுக்காடு உச்சவரம்பு வந்ததும் அரசாணையால் இனித் தாங்காது என்பது தெரிந்துவிட்டது. பேரவை சட்டமே இயற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1994-ஆம் ஆண்டின் 45-ஆவது சட்டமாக ஆனது. நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் 76-ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது.

அரசாணையின் கீழே "ஆளுநரின் ஆணைப்படி" என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் ஆளுநர்தான் நிர்வாகமா?

பெயரளவில் ஆம். நிர்வாக அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது என்கிறது பிரிவு 154. அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படியே பயன்படுத்த வேண்டும் என்கிறது பிரிவு 163. விதிவிலக்குகள் மிகக் குறைவு. 1974-இல் ஷம்ஷேர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் இதை உறுதிசெய்தார்கள். அந்த அரசாணைகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஆளுநர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆளுநர் சட்டமன்றத்தின் ஓர் உறுப்பும்கூட. பிரிவு 168-ஐப் படித்துப் பாருங்கள்: மாநிலச் சட்டமன்றம் என்பதே ஆளுநரும் பேரவையும் சேர்ந்ததுதான். ஆண்டின் முதல் கூட்டத்தில் அவர் உரையாற்றுகிறார். உரையை எழுதுவதோ அமைச்சரவை. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அச்சிட்ட உரையின் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார். அச்சிட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுநர் அவையை விட்டு வெளியேறினார்.

ஆளுநர் ஓர் அமைச்சரைத் தாமாகவே நீக்க முடியுமா? பிரிவில் "ஆளுநர் விரும்பும்வரை" என்றுதானே இருக்கிறது?

எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த விருப்பமும் முதலமைச்சரின் ஆலோசனைக்கு உட்பட்டது. 2023 ஜூன் 29 அன்று, நீதிமன்றக் காவலில் இருந்த ஓர் அமைச்சரை நீக்குவதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. அன்றிரவே அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. முதலமைச்சரின் பரிந்துரை இல்லாமல் அமைச்சரை ஆளுநர் நீக்க முடியாது என்ற நிலையையே பிறகு உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

பேரவையாலும் ஓர் அமைச்சரை மட்டும் தனியே நீக்க முடியாது. பொறுப்பு கூட்டானது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வென்றால் மொத்த அமைச்சரவையும் போக வேண்டும்.

தேர்தலில் ஜெயிக்காமலேயே முதலமைச்சர் ஆகலாமா?

ஆறு மாதத்துக்கு ஆகலாம். அதற்குள் உறுப்பினராகிவிட வேண்டும். 1952-இல் ராஜாஜி பொதுத்தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநரால் மேலவைக்கு (அன்றிருந்த மாநிலத்தின் இரண்டாவது அவை) நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். 1967-இல் அண்ணா தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றவர். முதலமைச்சரான பிறகு மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்போது மேலவை இல்லாததால் இடைத்தேர்தல் ஒன்றே வழி.

உறுப்பினராகும் தகுதியையே இழந்தவருக்கு இந்த ஆறு மாதச் சலுகை கிடையாது. 2001 மே மாதம் ஜெயலலிதா முதலமைச்சராகப் பதவியேற்றதை அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது இந்தக் காரணத்தால்தான். அவர் பின்னால் பெரும்பான்மை இருந்தது. மக்கள் தீர்ப்பு அரசமைப்பை மீற முடியாது என்பதே நீதிமன்றத்தின் பதில்.

பட்ஜெட்டில் எங்கள் ஊர்ப் பாலத்துக்குப் பணம் கூட்டச் சொல்லி எம்.எல்.ஏ. வாக்களிக்கலாமா?

குறைக்கச் சொல்லலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. மானியக் கோரிக்கையை (ஒரு துறையின் செலவுக்குப் பணம் கேட்பது) ஏற்கவோ மறுக்கவோ வெட்டவோதான் பிரிவு 203 பேரவைக்கு அதிகாரம் தருகிறது. செலவுத் திட்டத்தைக் கொண்டுவரும் உரிமை அமைச்சரவைக்கே. ஆளுநரின் ஊதியம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம், கடனுக்கான வட்டி போன்ற சில இனங்களைப் பற்றிப் பேரவை விவாதிக்கலாமே தவிர அவை வாக்கெடுப்புக்கே வருவதில்லை. தமிழ்நாடு போலக் கடன் வாங்கும் மாநிலத்தில் வட்டி சின்னத் தொகை இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், பட்ஜெட் உரை நாளைவிட மானியக் கோரிக்கை நாள்களைத்தான் கவனிக்க வேண்டும். துறைதோறும் கொள்கை விளக்கக் குறிப்பு அச்சாகி வருகிறது. எந்தத் திட்டத்தில் என்ன நடந்தது என்பதைத் துறையே எழுத்தில் கொடுக்கும் ஆவணம் அது. வெட்டுத் தீர்மானங்கள் எப்போதும் தோற்கும். ஆனால் அமைச்சரின் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும். பணம் செலவான பிறகு கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை பேரவைக்கு வருகிறது. பொதுக் கணக்குக் குழு அதை எடுத்துக்கொண்டு செயலாளர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறது. அங்கே காமிரா கிடையாது, மேசை தட்டலும் கிடையாது.

"110 விதியின் கீழ் முதலமைச்சர் அறிவித்தார்" என்கிறார்களே, அது சட்டமா?

இல்லை. அது பேரவையின் நடைமுறை விதிகளில் ஒன்று. பொது முக்கியத்துவம் வாய்ந்த விஷயத்தைப் பற்றிப் பேரவைத் தலைவரின் இசைவுடன் அமைச்சர் அறிக்கை படிக்கலாம். அதன்மீது அப்போது விவாதம் கிடையாது. ஜெயலலிதா ஆட்சியில் இது அன்றாடச் செய்தியானது. அறிவிப்புக்குப் பிறகு வழக்கம்போல அரசாணை வர வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும்.

எனக்கு இந்த விதியின்மீது பெரிய மதிப்பில்லை. பேரவைக்குள் அறிவித்த கௌரவம் அமைச்சரவைக்குக் கிடைக்கிறது. எதிர்க்கேள்வி கேட்கும் வாய்ப்பு பேரவைக்குக் கிடைப்பதில்லை. அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருப்பது ஓரளவு ஆறுதல்.

சட்டம் இயற்றுவது பேரவை என்றால், அமைச்சரவை எப்படி அவசரச் சட்டம் கொண்டுவருகிறது?

பேரவை கூட்டத்தில் இல்லாதபோது மட்டும், பிரிவு 213-இன்கீழ் ஆளுநர் வழியாக. கடையில் கடன் சொல்லிப் பொருள் வாங்குவதைப் போன்றது அது. பேரவை கூடியதும் கணக்கை நேர்செய்தாக வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் சட்டமாகாவிட்டால் காலாவதியாகிவிடும். 2017-இல் ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் ஜனவரி 21 அன்று வந்தது. 23 அன்றே பேரவை அதைச் சட்டமுன்வடிவாக (மசோதாவாக) நிறைவேற்றியது.

எல்லாம் இப்படி வேகமாக முடிவதில்லை. இணையவழிச் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் 2022 அக்டோபரில் வந்தது. அதே மாதம் 19-ஆம் தேதி பேரவை முன்வடிவை நிறைவேற்றி ஆளுநருக்கு அனுப்பியது. ஒப்புதல் வரவில்லை. ஆறு வாரக் கெடு முடிந்து நவம்பர் இறுதியில் அவசரச் சட்டம் செத்துவிட்டது. அந்த இடைவெளியில் மாநிலத்தில் தடையே இல்லை. 2023 மார்ச்சில் ஆளுநர் முன்வடிவைத் திருப்பி அனுப்பினார். பேரவை 23-ஆம் தேதி மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7-ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது.

பேரவையைத் தாண்டிப்போகவே இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய மாநிலமும் உண்டு. 1967 முதல் 1981 வரை பீகாரில் 256 அவசரச் சட்டங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1986-இல் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அரசமைப்பின்மீது செய்யப்பட்ட மோசடி என்றே கண்டித்தது.

ஆளுநர் கையெழுத்தே போடாமல் வைத்திருந்தால் என்ன செய்வது?

பிரிவு 200-இன்படி அவர் ஒப்புதல் தரலாம். குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். நிறுத்திவைத்துப் பேரவைக்குத் திருப்பலாம். திருப்பியதைப் பேரவை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்க முடியாது. வரி, செலவு பற்றிய பண முன்வடிவைத் திருப்பவே முடியாது. காலக்கெடுவைப் பற்றிப் பிரிவில் தெளிவாக எதுவும் இல்லாததுதான் சண்டைக்குக் காரணம்.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டுப் பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றிய 10 முன்வடிவுகளுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் இதுபற்றி உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றது. அதே சமயம் ஆளுநர் காரணமே சொல்லாமல் முடிவின்றி வைத்துக்கொண்டிருந்தால், முடிவெடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம் என்றும் கூறியது. தேர்வில் ஏப்ரலோடு நிறுத்திக்கொண்டால் மதிப்பெண் போய்விடும்.

முன்வடிவு ஆளுநரிடம் நிற்கும்போது அதையே அரசாணையாகப் போட்டுவிட முடியாதா?

கெட்டிக்காரத்தனமான கேள்வி, தமிழ்நாடு அதைச் செய்தும் பார்த்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் முன்வடிவு 2020 செப்டம்பரில் நிறைவேறியது. மாணவர் சேர்க்கை நெருங்கியும் ஆளுநர் பன்வாரிலால் புரோகித்திடமிருந்து பதில் இல்லை. அக்டோபர் 29 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு பிரிவு 162-ஐக் காட்டி அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் ஆளுநர் முன்வடிவுக்கு ஒப்புதல் தந்தார்.

அது உதவியும் உரிமையும் தரும் விஷயமாக இருந்ததால் ஆணை தாங்கியது. சூதாட்டத் தடையை இப்படிப் போட முடிந்திருக்காது. அதில் சிறைத் தண்டனை இருக்கிறது. அரசாணை பற்றிய பதிலில் சொன்ன மூடிய வாசல் அது.

முதலமைச்சருக்குப் பெரும்பான்மை போய்விட்டது என்று யார் முடிவு செய்ய வேண்டும்?

பேரவை, அவைக்குள், வாக்கெடுப்பில். ஆளுநர் மாளிகையில் தலைகளை எண்ணுவது செல்லாது என்று 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. அதற்கு முன் நான்கு முறை தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது: 1976, 1980, 1988, 1991. அதற்குப் பின் ஒருமுறைகூட வரவில்லை. எம்.ஜி.ஆர். மறைந்தபின் 1988 ஜனவரி 28 அன்று வி.என். ஜானகி நம்பிக்கை கோரியபோது அவைக்குள் அடிதடியே நடந்தது. இரண்டு நாளில் ஆட்சி போயிற்று.

2017 பிப்ரவரி 18 அன்று பழனிசாமி 122-க்கு 11 என்று வென்றார். இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற எதிர்க்கட்சியின் கோரிக்கையைப் பேரவைத் தலைவர் ப. தனபால் ஏற்கவில்லை. அன்று எதிர்த்து வாக்களித்தவர்கள் அதே அ.தி.மு.க.வின் ஓ. பன்னீர்செல்வம் அணியினர்.

கொறடா (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்குக் கட்டளையிடுபவர்) சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்றால் பேரவை எப்படி அமைச்சரவையைக் கட்டுப்படுத்தும்?

இதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை, இருப்பதைச் சொல்கிறேன். 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகலாம். ஆட்சியைக் கவிழ்க்க உறுப்பினர்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்கத்தான் இது வந்தது. ஆனால் சாதாரண முன்வடிவுக்கும் கட்டளை போடலாம் என்றானபோது, முதல் பதிலில் சொன்ன அந்த அமைச்சரல்லாத ஆளுங்கட்சி உறுப்பினர்களின் வாய் கட்டப்பட்டுவிட்டது. கட்சித் தலைவரே முதலமைச்சராகவும் இருந்தால், கட்டளையை விதிக்கிறவரும் அவையால் கட்டுப்படுத்தப்பட வேண்டியவரும் ஒருவரே.

தகுதிநீக்கத்தை முடிவு செய்பவர் பேரவைத் தலைவர். அவரும் ஒரு கட்சியிலிருந்து வந்தவரே. முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேர் 2017 செப்டம்பர் 18 அன்று, ஒரு மாதத்துக்குள், தகுதி இழந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அவையிலேயே எதிர்த்து வாக்களித்த 11 பேரின் கதி மூன்றாண்டுகள் ஆகியும் முடிவாகவில்லை; இடையில் அவர்கள் அணி ஆட்சியோடு சேர்ந்துவிட்டது. 2020-இல் உச்ச நீதிமன்றமும் முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தேர்தல் வருகிறது, பேரவை கலைந்துவிட்டது. அப்போது செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்?

புதிய அரசு வரும்வரை பழைய அமைச்சரவை நீடிக்கும். பணத்துக்கு முன்கூட்டியே வழிசெய்துவிடுவார்கள்: இடைக்கால பட்ஜெட் போட்டுச் சில மாதச் செலவுக்குப் பேரவையின் முன்பண ஒப்புதலை வாங்கிவிடுவது வழக்கம். 2021 பிப்ரவரியில் ஓ. பன்னீர்செல்வம் இடைக்கால பட்ஜெட் வைத்தார். தேர்தலுக்குப் பின் ஆகஸ்டில் பழனிவேல் தியாகராஜன் திருத்திய பட்ஜெட் வைத்தார். குடியரசுத் தலைவர் ஆட்சி என்றால் மாநிலச் சட்டமன்றத்தின் வேலையை நாடாளுமன்றம் எடுத்துக்கொள்ளும். நம் பட்ஜெட்டுக்கு டெல்லியில் வாக்கெடுப்பு நடக்கும்.

மேலவையைத் திரும்பக் கொண்டுவந்தால் அமைச்சரவைக்குக் கடிவாளம் போட முடியுமா?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1986-இல் தமிழ்நாட்டில் மேலவை ஒழிக்கப்பட்டது; 2010-இல் தி.மு.க. அரசு தீர்மானம் போட்டு நாடாளுமன்றச் சட்டம்வரை கொண்டுபோயும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் நின்றுவிட்டது. திரும்ப வந்தாலும் சாதாரண முன்வடிவை முதல்முறை மூன்று மாதம், இரண்டாம் முறை ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். பண முன்வடிவை 14 நாள். அமைச்சரவையைக் கவிழ்க்க அதற்கு வாக்கே கிடையாது.